ஜேம்ஸ் வெப்பிடம் நேரம் கேட்பது எப்படி: புறக்கோள்களில் உயிர்ச்சுவடு தேடப் புதிதாக வருவோருக்கு

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பயன்படுத்த நாசாவில் ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் கல்லூரிகளில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. எந்த நாட்டில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கும் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு முறை அழைப்பு விடுக்கிறது. போட்டிதான் கடுமை. 2024 அக்டோபரில் முடிந்த நான்காம் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள் வந்தன. எல்லோரும் சேர்ந்து கேட்டது சுமார் 78,000 மணி நேரம். இருந்ததோ அதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

முதுகலைக் கடைசி ஆண்டு, முனைவர் பட்டத் தொடக்கம், அல்லது வேறு துறையிலிருந்து புறக்கோள்கள் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள்) பக்கம் வந்தவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இது. இதே வரிசையில் செய்தால் உங்களுக்குச் சில மாதங்கள் மிச்சமாகும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"இந்தக் கோளில் உயிர் இருக்கிறதா?" என்று கேட்டு விண்ணப்பம் போட்டால் நேரம் கிடைக்காது. மதிப்பீட்டுக் குழுவுக்கு உயிர்த் தேடலில் ஆர்வம் இல்லாமல் இல்லை. இந்தக் கருவியால் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

தொலைநோக்கி உண்மையில் செய்வது இது. கோள் தன் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் குறைகிறது. இதைக் கடப்பு என்கிறோம். கோளுக்கு வளிமண்டலம் இருந்தால் சில அலைநீளங்களில் ஒளி இன்னும் ஒரு துளி கூடுதலாகக் குறையும். சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் 'ஈ' கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடக்கும்போது ஒளி அரை சதவீதம் குறைகிறது. பூமி போன்ற வளிமண்டலம் அதற்கு இருந்தால், அதன் அடையாளம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் அளவுதான் இருக்கும். நீங்கள் வேட்டையாடுவது அந்தச் சில பத்தைத்தான்.

அதனால் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: இந்தப் பாறைக் கோளுக்கு வளிமண்டலம் இருக்கிறதா? 4.3 மைக்ரான் அலைநீளத்தில் கார்பன் டை ஆக்சைடு தெரிகிறதா? இந்த இரண்டு மாதிரிகளில் எது பொருந்துகிறது, எத்தனை சிக்மா உறுதியோடு (சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்)? பதில் "இல்லை" என்று வந்தாலும் அது ஒரு முடிவாக இருக்க வேண்டும். டிராப்பிஸ்ட்-1 'பி' கோளின் பகல் பக்க வெப்பநிலை சுமார் 500 கெல்வின், அதாவது வெறும் பாறைக்கு ஒத்துப்போகிறது என்ற 2023 அளவீடு அப்படி ஒரு "இல்லை". நேச்சர் இதழில் வந்தது.

கே2-18 பி என்ற புறக்கோளின் விவகாரத்தையும் படித்துவிட்டு எழுத உட்காருங்கள். 2023இல் அங்கே மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாகக் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. 2025 ஏப்ரலில் டைமெத்தில் சல்ஃபைடு, அல்லது அதற்கு நெருங்கிய இன்னொரு சேர்மம், மூன்று சிக்மா அளவில் தெரிவதாக அதே குழு சொன்னது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன, எனவே உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அதே தரவை வேறு குழுக்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சொல்ல இதில் ஆதாரம் போதாது என்றன. போதாக்குறைக்கு, உயிர் இல்லாத 67பி வால்மீனிலேயே அந்தச் சேர்மம் கண்டறியப்பட்டிருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இதெல்லாம் அத்துப்படி. உயிர்ச்சுவடு (உயிர் இருப்பதைக் காட்டக்கூடிய அடையாளம்) என்ற சொல்லை எங்கே பயன்படுத்தினாலும், அதே வாயு உயிரில்லாமல் எப்படி உருவாகலாம் என்பதை அடுத்த வரியிலேயே நீங்களே எழுதிவிடுங்கள். அவர் எழுப்பப்போகும் ஆட்சேபத்தை முன்கூட்டியே தீர்த்துவைப்பதுதான் நல்ல விண்ணப்பம்.

2. கிடைக்கும் தரவில் கையைப் பழக்குங்கள்

தரவைக் கையாளத் தெரியாமல் நேரம் கேட்க வேண்டாம். பெயர் மறைத்து மதிப்பிட்டாலும், தரவோடு மல்லுக்கட்டியவர் எழுதியதா இல்லையா என்பது தொழில்நுட்பப் பகுதியின் நாலாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

வெப்பின் தரவைச் சேமிக்கும் மாஸ்ட் என்ற ஆவணக்காப்பகத்தில் பொதுவுக்குத் திறந்துவிட்ட தரவெல்லாம் இலவசம். தொடங்குவதற்கு நல்லது டபிள்யூஏஎஸ்பி-39 பி கோளின் தரவு, திட்ட எண் 1366. ஒரு புறக்கோளின் வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது முதன்முதலில் இதில்தான், 2022இல். அது ஒரு சூடான வாயுக்கோள், உயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சமிக்ஞை பெரிது, வெளியான ஆய்வுகள் நிறைய, உங்கள் வரைபடம் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதை முடித்த பிறகு சிறிய பாறைக் கோள் ஒன்றின் தரவுக்குப் போங்கள். 4.3 மைக்ரானில் மலை மாதிரி எழுந்து நின்ற மேடு அங்கே இருக்காது, சிதறிய புள்ளிகள்தான் இருக்கும். உங்கள் தொழில் அந்தப் புள்ளிகளோடுதான்.

நடைமுறையில் தடுக்கி விழும் இடங்கள் சில. 'அன்கால்' என்று முடியும் மூலக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். தயாராகக் கிடைக்கும் இறுதி நிறமாலை பொதுவான அமைப்புகளில் செய்தது, கடப்பு ஆய்வுக்கு அதை அப்படியே நம்ப முடியாது. கடப்புத் தரவு பல துண்டுகளாகப் பிரிந்து வரும். ஒரு துண்டை விட்டுவிட்டாலும் நிரல் பிழை காட்டாமல் ஓடிவிடும், வளைவில் மட்டும் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். அளவுத்திருத்தக் கோப்புகளைத் தரும் சேவையகத்தின் முகவரியை முதலிலேயே உங்கள் கணினியில் அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் கட்டளையிலேயே நின்றுவிடும். முதல் ஓட்டத்தில் பல ஜிபி கோப்புகள் இறங்கும். விடுதி வைஃபையில் இதைச் செய்யாதீர்கள்.

16 ஜிபி ராம் இல்லாத லேப்டாப்பில் முதல் நிலையே திணறும். கணினி வாங்க வழியில்லையா? மாஸ்ட் நடத்தும் 'டைக்' என்ற இணையவழித் தளம் இருக்கிறது. உலாவியிலேயே பைதான் நோட்புக் திறந்து வேலை செய்யலாம், காசு கிடையாது. யுரேகா, எக்ஸோடெட்ஆர்எஃப் போன்ற இலவச மென்பொருள்களில் ஏதாவது ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டு, இரண்டாவது ஒன்றால் அதே தரவை மறுபடி அலசுங்கள். இரண்டு வளைவுகளும் எங்கே விலகுகின்றன என்று பார்த்தால், எந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபட்டுவிடும்.

3. கோளைத் தேர்ந்தெடுக்கும்போது விண்மீனைப் பாருங்கள்

நாசாவின் புறக்கோள் ஆவணக்காப்பகத்தில் பட்டியல் கிடைக்கும். ஆரம், நிறை, வெப்பநிலை எல்லாம் வடிகட்டி அழகாக ஒரு கோளைப் பிடித்துவிடுவீர்கள். அப்புறம்தான் தலைவலி. சிறிய கோள்களை அளக்கச் சிறிய விண்மீன்தான் வசதி, அதாவது சிவப்புக் குறுமீன்கள். அவற்றின் முகத்தில் புள்ளிகளும் வெளிச்சத் திட்டுகளும் ஏராளம். கோள் கடக்கும் பாதையும் மற்ற முகமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால், விண்மீனின் புள்ளிகளே வளிமண்டலம் போல வேடம் போடும். டிராப்பிஸ்ட்-1 'பி' கோளின் கடப்பு நிறமாலையில் பெரும்பங்கு இப்படி விண்மீனிடமிருந்து வந்ததுதான். இதை எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பத்தி இல்லாத விண்ணப்பம் தேறும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அடுத்தது, வேறு யாராவது ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா? ஒப்புதல் கிடைத்து இன்னும் நடக்காத அவதானிப்புகளும் கணக்கில் வரும். 'ட்ரெக்ஸோலிஸ்ட்ஸ்' என்ற பட்டியலில் வெப் பார்த்த, பார்க்கப்போகிற கடப்புகள் எல்லாம் இருக்கின்றன. இயக்குநரின் விருப்ப நேரத்திலிருந்து 500 மணி ஒதுக்கி நடக்கும் பாறை உலகங்கள் திட்டத்தின் கோள் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். அந்தத் தரவு உடனுக்குடன் பொதுவுக்கு வருகிறது. உங்கள் கோள் அதில் இருந்தால் நேரம் கேட்கவே தேவையில்லாமல் போகலாம்.

மூன்றாவது, எப்போது தெரியும்? சூரிய ஒளி படாமல் இருக்க வெப் வானத்தின் ஒரு பட்டையை மட்டும்தான் எந்த நாளிலும் பார்க்க முடியும். சூரியப் பாதைக்கு அருகிலுள்ள விண்மீன்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் சுமார் 50 நாள் மட்டும் சிக்கும். கே2-18 அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது. அதன் கோள் 33 நாளுக்கு ஒரு முறைதான் கடக்கிறது. ஆக, ஆண்டு முழுக்க முயன்றாலும் கிடைப்பது மூன்று நான்கு கடப்புகள். பத்துக் கடப்பு வேண்டும் என்று எழுதினால் குழு சிரிக்கும்.

4. மணிக்கணக்கு

இதில்தான் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். விரிவாகவே சொல்கிறேன்.

இடிசி என்ற இணையக் கணிப்பானில் விண்மீனின் பிரகாசத்தைக் கொடுத்தால் உணரி எப்போது நிரம்பும் என்று சொல்லும். கடப்புகளுக்குப் 'பாண்டெக்ஸோ' என்ற மென்பொருள் இன்னும் வசதி. வெப்பிலுள்ள நியர்ஸ்பெக் என்ற நிறமாலைக் கருவியின் முப்பட்டக முறை ஒரே வீச்சில் நிறைய அலைநீளங்களைத் தரும், ஆனால் பிரகாசமான விண்மீனுக்கு நிரம்பிவிடும். டபிள்யூஏஎஸ்பி-39க்கே ஒரு பகுதி நிரம்பியது. அதைவிடப் பிரகாசமான கே2-18க்கு வேறு முறைகளைத்தான் பயன்படுத்தினார்கள். நியர்ஸ்பெக்கின் ஜி395ஹெச் என்ற முறை நல்ல தேர்வு, 2.9 முதல் 5.1 மைக்ரான் வரை தரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் இரண்டு உணரிகளுக்கு நடுவே 3.7க்கும் 3.8க்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டு, இரண்டு பக்கமும் உயரம் சற்றே மாறி நிற்கலாம். நீங்கள் தேடும் வாயுவின் பட்டை அந்த இடத்தில் விழுந்தால் கருவியை மாற்றுங்கள்.

இப்போது கூட்டல். டிராப்பிஸ்ட்-1 'ஈ' கடப்பு ஒரு மணிக்கும் குறைவு. ஆனால் கடப்புக்கு முன்னும் பின்னும் விண்மீனை மட்டும் பார்க்கும் நேரம் வேண்டும், கருவி நிலைப்பட நேரம் வேண்டும். தொலைநோக்கியைத் திருப்ப அரை மணி வசூலிப்பார்கள். குறிப்பிட்ட நேரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் அதற்கு ஒரு மணி தனியாக. மறைமுகச் செலவும் சேரும்போது, ஒரு மணி நேரக் கடப்புக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கணக்கில் ஏறிவிடும். விண்ணப்பத்தைத் தயாரிக்கும் ஏபிடி மென்பொருளில் போட்டுப் பார்க்காமல் மனக்கணக்கில் மொத்த நேரத்தை எழுதாதீர்கள்.

கடப்பு நேரத்தைச் சொல்லும் எண்களில் இரண்டு பொறிகள். கோள் தேடும் விண்வெளித் தொலைநோக்கிகளில் கெப்ளரின் பழைய தரவில் நாட்கணக்கிலிருந்து (ஜூலியன் நாள் எண்) 2454833 கழித்திருக்கும், டெஸ் தரவில் 2457000 கழித்திருக்கும். கூட்ட மறந்தால் கடப்பு எங்கேயோ போய் நிற்கும். இன்னொன்று சுற்றுக்காலத்தின் பிழை. அதில் 0.0005 நாள் ஐயம் இருந்தால், நூறு சுற்றுக்குப் பிறகு அது 0.05 நாள், அதாவது 72 நிமிடம். தொலைநோக்கி காத்திருக்கும், கோள் ஏற்கெனவே கடந்து போயிருக்கும். அண்மையில் புதுப்பித்த எண்ணைத்தான் எடுங்கள்.

5. ஆவணங்கள்

தேவையானவை குறைவு. குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் பால்டிமோர் நிறுவனத்தின் இணையக் கணக்கு வேண்டும், இலவசம். பெரிய பேராசிரியர்கள்தான் இதைக் கடைசி நாள்வரை இழுப்பார்கள், அழைப்பு வந்த வாரமே துரத்திப் பிடியுங்கள். அடுத்து ஏபிடி கோப்பு. உங்கள் இலக்கு, கருவி அமைப்பு, நேரக் கட்டுப்பாடு, சுருக்கவுரை எல்லாம் அதற்குள். அதோடு ஒரு பிடிஎஃப், அதில் அறிவியல் நியாயம், தொழில்நுட்ப நியாயம், தேவையானால் சிறப்புக் கட்டுப்பாடுகளுக்கும் மறுபடி பார்ப்பதற்குமான காரணம். லேடெக், வேர்டு இரண்டிலும் மாதிரிப்படிவம் தருகிறார்கள். பக்க வரம்பும் எழுத்தளவும் சுற்றுக்குச் சுற்று மாறலாம், எனவே சீனியர் கொடுத்த பழைய படிவத்தில் எழுதாதீர்கள். மாணவர் முதன்மை ஆய்வாளராகப் போவதானால் அந்தச் சுற்றின் அழைப்பில் மாணவர் பற்றிய பகுதியைப் படித்து, வழிகாட்டியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆங்கிலத்தில்தான். அலங்காரம் வேண்டாம். ஒரே உட்காரலில் பல விண்ணப்பங்களைப் படிக்கும் ஒருவர், சுருக்கவுரையை மட்டும் பார்த்தே எந்தக் கோள், என்ன கேள்வி, எத்தனை மணி என்று சொல்ல முடிய வேண்டும். படங்களில் முக்கியமானது ஒன்று: இரண்டு மாதிரி வளைவுகள், அவற்றின் மேல் நீங்கள் எதிர்பார்க்கும் பிழைப்பட்டைகளோடு போலித் தரவு. வளைவுகள் பிரிவது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கடப்புகளைக் கூட்டுங்கள், அல்லது கோளை மாற்றுங்கள்.

6. உங்களை மறைத்துக்கொள்ளுங்கள்

மதிப்பிடுபவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது, உங்களுக்கும் அவர்களைத் தெரியாது. புதியவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. விதியை மீறினால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம்.

"எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்று எழுதக் கூடாது. "முந்தைய ஆய்வு ஒன்று [3] காட்டுகிறது" என்று, யாரோ செய்தது போல எழுதுங்கள். மேற்கோள்கள் எண்களில். நன்றியுரை வேண்டாம். இன்னும் வெளியாகாத உங்கள் தரவைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் "தனிப்பட்ட தொடர்பில் கிடைத்தது" என்று போடுங்கள். பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வேர்டு அதைக் கேட்காமலே சேர்க்கும்.

7. பணம்

விண்ணப்பிக்க, நேரம் பெற, தரவிறக்க: மூன்றுக்கும் பூஜ்யம். ஆனால் நேரம் கிடைத்தால் நாசா தரும் ஆய்வு நிதி அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து முதன்மை ஆய்வாளராக இருக்கலாம், பணம் வராது. குழுவில் அமெரிக்காவில் உள்ளவர்கள் இருந்து அவர்களுக்கு நிதி தேவையென்றால், நிதி நிர்வாகத்துக்கு அங்கே ஒருவரைத் தனியாக நியமிக்க வேண்டும். இதை ஆரம்பத்திலேயே பேசி முடிப்பது நல்லது, பிறகு பேசினால் மனக்கசப்பு வரும்.

உங்கள் பக்கச் செலவு கணினியும் ஹார்ட் டிஸ்கும், அப்புறம் ஆய்வுக் கட்டுரை. முக்கிய அமெரிக்க வானியல் இதழ்கள் இப்போது எழுதுபவரிடமே கட்டணம் வாங்குகின்றன. தள்ளுபடி கேட்க வழி உண்டு, ஆனால் கட்டுரை அனுப்பும்போதே கேட்க வேண்டும்.

8. காலக்கணக்கு

கடந்த சுற்றுகளில் அழைப்பு ஆகஸ்டில் வந்தது, கடைசி நாள் அக்டோபர் நடுவில் அல்லது இறுதியில். குழு கூடுவது பிப்ரவரி, முடிவு மார்ச், அவதானிப்பு ஜூலை 1 முதல். நான்காம் சுற்றுக்கு 2024 அக்டோபர் 15, ஐந்தாம் சுற்றுக்கு 2025 அக்டோபர் 16 கடைசி நாட்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 8 மணி என்று போட்டிருப்பார்கள். அக்டோபரில் அது சென்னைக்கும் கொழும்புக்கும் மறுநாள் விடியற்காலை 5:30. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் காலை 8. நாள் ஒன்று கூடுதலாகக் கிடைத்தது போலத் தோன்றும், ஆனால் அந்த இரவில் உதவி மையத்திலிருந்து பதில் எதிர்பார்க்காதீர்கள். ஏபிடியில் ஒரு முறை சமர்ப்பித்த பிறகும் கெடு முடியும் வரை திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். எனவே ஒரு வாரம் முன்பே அரைகுறையாக இருந்தாலும் ஒரு பதிப்பை அனுப்பிவிடுங்கள். கருவி அமைப்பில் சிவப்புக் குறிகள் தோன்றுவதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

திட்டமிட என் பரிந்துரை: ஜனவரி முதல் ஏப்ரல் வரை பழைய தரவு, மே ஜூனில் கோள் தேர்வு, ஜூலையில் மணிக்கணக்கு. அழைப்பு வந்த பிறகு எழுத மட்டும்தான் வேண்டும் என்ற நிலையில் இருங்கள்.

9. முடிவு வந்த பிறகு

கிடைத்தால் உங்களுக்கென்று ஒரு திட்ட ஒருங்கிணைப்பாளர் வருவார். கருவி அமைப்பைத் தொழில்நுட்ப ரீதியாகச் சரிபார்க்க இன்னொருவர். அவர்கள் மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் போடுங்கள், தாமதித்தால் இருக்கும் சில வாய்ப்பு நாட்களும் தவறலாம். சிறிய, நடுத்தரத் திட்டங்களுக்குத் தரவு வழக்கமாக 12 மாதம் உங்களுக்கு மட்டும், பிறகு எல்லோருக்கும். பெரிய திட்டங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம், ஒன்பதுக்கு ஒன்று என்பதை மறக்க வேண்டாம். குழுவின் கருத்துரை சில வரிகள் வரும். "மாதிரிகளைப் பிரிக்க முடியுமா என்பது தெளிவில்லை" என்றால் கடப்புகளின் எண்ணிக்கை பற்றிய குறை. "விண்மீனின் தாக்கம்" என்று வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். அந்த இடைவெளியில் நீங்களே செய்யக்கூடிய வேலையும் உண்டு. சிறிய தொலைநோக்கியால் விண்மீனின் ஒளி மாற்றத்தை மாதக்கணக்கில் பின்தொடரலாம். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 1.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அதற்கும் விண்ணப்பித்துத்தான் நேரம் வாங்க வேண்டும். புள்ளிகள் எப்போது கூடுகின்றன, விண்மீன் எத்தனை நாளில் சுழல்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டுவிட்டால், அடுத்த அக்டோபரில் அதை "முந்தைய ஆய்வு ஒன்று" என்று எண் போட்டுக் காட்டலாம்.